வெளிநாட்டுப் பயணமும் சுங்கச் சோதனையும்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விமானம் தரையிறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்து, பெட்டியும் கைக்கு வந்த பிறகு இன்னும் ஒரு வாசல் பாக்கி இருக்கிறது. அதுதான் சுங்கம். முதல்முறை வெளிநாடு போகிற பலர் இமிக்ரேஷனையும் கஸ்டம்ஸையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இமிக்ரேஷன் அதிகாரி கேட்பது நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று. சுங்க அதிகாரி கேட்பது உங்களோடு என்னென்ன வந்திருக்கிறது என்று.

இந்த இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் கடத்தல்காரர்கள் இல்லை. வரம்பு தெரியாமல் வாங்கியவர்களும், 'இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்' என்று நடந்தவர்களும் அவர்களில் உண்டு. ஒன்றை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்: தடை செய்யப்படாத பொருளை வரம்புக்கு மேல் கொண்டுவருவது குற்றம் இல்லை, அதற்கு வரி கட்டினால் போதும். சொல்லாமல் கொண்டுபோவதுதான் குற்றம். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எந்த நாட்டுக் கணக்கு?

விமான நிலையத்து டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பொருளுக்கு எங்கேயுமே வரி கிடையாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. இந்த மாதிரியான முதல் விமான நிலையக் கடை 1947-இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் திறந்தது. அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கும். பயணிகள் அந்த நாட்டுக்குள் நுழையாமலே காத்திருந்து, மறுபடி ஏறிப் போய்விடுவார்கள். தன் நாட்டுக்குள் பயன்படாத பொருளுக்கு அயர்லாந்து ஏன் வரி வாங்க வேண்டும் என்பதுதான் அந்தக் கடையின் அடிப்படை.

அதே நியாயத்தைத் திருப்பிப் பாருங்கள். பொருள் எந்த நாட்டில் பயன்படப் போகிறதோ, அந்த நாட்டுக்கு வரி கேட்க உரிமை உண்டு. ஆகவே டூட்டி ஃப்ரீ கடை விலக்குவது நீங்கள் கிளம்பும் நாட்டின் வரியை மட்டுமே. நீங்கள் போய்ச் சேரும் நாடு தன் வரம்பை வைத்துத்தான் அந்தப் பையைப் பார்க்கும். கடைக்காரர் விற்றுவிட்டார் என்பதற்காக அந்த அளவு அனுமதிக்கப்பட்டது என்று ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஓர் உறுப்பு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பறப்பவர்களுக்கு 1999 ஜூலை முதல் டூட்டி ஃப்ரீ விற்பனையே கிடையாது. அங்கே எல்லை தாண்டும் கணக்கே வேறு.

எனவே பயணத்துக்கு முன் இரண்டு பட்டியல் வேண்டும். ஒன்று, போகிற நாட்டின் வரம்பு. இன்னொன்று, திரும்பி வரும்போது உங்கள் சொந்த நாட்டின் வரம்பு. பெரும்பாலும் பொருள் சேர்வது திரும்பும்போதுதான் என்பதால் இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். இரண்டையும் அந்தந்த நாட்டுச் சுங்கத் துறையின் இணையதளத்திலேயே பாருங்கள். வரம்புகள் மாறிக்கொண்டே இருக்கும். உதாரணமாக, சுவிட்சர்லாந்து 300 பிராங்காக இருந்த வரம்பை 2025 தொடக்கத்தில் 150 ஆகக் குறைத்துவிட்டது. போன முறை போய் வந்தவர் சொன்ன கணக்கு இந்த முறை உதவாமல் போகலாம்.

வரம்பை எப்படி வாசிப்பது

ஏறக்குறைய எல்லா நாடுகளும் பொருள்களை மூன்றாகப் பிரிக்கின்றன. புகையிலைக்கு எண்ணிக்கை அல்லது எடை, மதுவுக்கு லிட்டர், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை. ஒன்றில் மிச்சம் இருக்கிறது என்பதற்காக இன்னொன்றில் ஏற்ற முடியாது. மது வாங்கவே இல்லை, அதனால் சிகரெட் கூடுதலாகக் கொண்டுவரலாம் என்ற கணக்கு எடுபடாது.

சிகரெட்டை எடுத்துக்கொண்டால் நாட்டுக்கு நாடு எவ்வளவு வித்தியாசம் என்று புரியும். பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகள் 200 வரை அனுமதிக்கின்றன. நியூசிலாந்தில் 50. ஆஸ்திரேலியாவில் பிரிக்காத 25-உம் பிரித்த ஒரு பாக்கெட்டும். ஹாங்காங்கில் 19. சிங்கப்பூரில் சலுகையே கிடையாது, முதல் சிகரெட்டிலிருந்தே தீர்வை உண்டு. மின்சிகரெட் சிங்கப்பூருக்குள்ளும் தாய்லாந்துக்குள்ளும் கொண்டுபோகவே தடை.

மதுவுக்கும் இப்படித்தான். அமெரிக்கா 1 லிட்டர் என்கிறது. ஆஸ்திரேலியா எந்த வகையானாலும் 2.25 லிட்டர். ஜப்பான் 760 மில்லி அளவில் 3 பாட்டில். ஐரோப்பிய ஒன்றியம் வகை வகையாகப் பிரிக்கிறது: 22 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளது 1 லிட்டர், அதோடு சாதாரண ஒயின் 4 லிட்டர், பீர் 16 லிட்டர். வயதையும் பாருங்கள். பிரிட்டனில் 17, ஆஸ்திரேலியாவில் 18, ஜப்பானில் 20, அமெரிக்காவில் 21 நிறைந்திருக்க வேண்டும். குழந்தையின் பங்கையும் சேர்த்து மது கொண்டுவர முடியாது.

மூன்றாவது வகையில்தான் குழப்பம் அதிகம். துணி, வாசனைத் திரவியம், போன், கைக்கடிகாரம், பரிசுப் பொருள் என எல்லாம் இதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விமானத்திலோ கப்பலிலோ வருகிறவர்களுக்கு 430 யூரோ, தரைவழி வருகிறவர்களுக்கு 300 யூரோ. பிரிட்டனில் 390 பவுண்டு. ஆஸ்திரேலியாவில் 900 ஆஸ்திரேலிய டாலர், 18 வயதுக்குக் கீழே என்றால் அதில் பாதி. அமெரிக்கா தன் நாட்டுக்குத் திரும்பும் குடியிருப்பவர்களுக்குப் பொதுவாக 800 டாலர் தருகிறது. எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தும் வரம்பு மாறும். சிங்கப்பூரில் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் 500 சிங்கப்பூர் டாலர், அதற்குக் குறைவு என்றால் 100 மட்டும். கனடாவுக்குத் திரும்புகிறவர்களுக்கும் 24 மணி நேரத்துக்கு 200 கனடிய டாலர், 48 மணி நேரத்துக்கு 800 என்று படி உண்டு.

வரம்பைத் தாண்டினால் எதற்கு வரி?

இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். 'வரம்புக்கு மேலே போன தொகைக்குத்தானே வரி' என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். சில நாடுகளில் அப்படித்தான். சிங்கப்பூரில் 500 டாலர் சலுகை உள்ளவர் 700 டாலருக்கு வாங்கி வந்தால், மிச்சமுள்ள 200-க்கு மட்டும் 9 சதவீதம், அதாவது 18 டாலர்.

பிரிட்டனில் கதை வேறு. 450 பவுண்டு விலையுள்ள ஒரே பொருளைக் கொண்டுவந்தால், 390-ஐக் கழித்துவிட்டு 60-க்கு மட்டும் கட்ட முடியாது. முழு 450-க்கும் வரி. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒரு தனிப் பொருளின் விலையைப் பிரித்து ஒரு பகுதியைச் சலுகைக்குள் தள்ள முடியாது. ஜப்பானில் மொத்த வரம்பு 2 லட்சம் யென்; ஒற்றைப் பொருளே அதைத் தாண்டினால் முழு விலைக்கும் வரி. ஆஸ்திரேலியாவில் 2.25 லிட்டரைக் கொஞ்சம் தாண்டினாலும் கொண்டுவந்த மது முழுவதற்கும் தீர்வை கேட்பார்கள், தாண்டிய அளவுக்கு மட்டும் இல்லை.

ஆகவே விலை உயர்ந்த ஒன்றை வாங்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஒரு பொருள் மட்டுமே என் வரம்பைத் தாண்டுகிறதா? தாண்டுகிறது என்றால், வரியையும் சேர்த்த விலைதான் உண்மையான விலை. பல நேரம் ஊரிலேயே வாங்கியிருக்கலாம் என்று தெரியவரும்.

குடும்பமாகப் போகிறவர்கள் ஒருவர் வரம்பை இன்னொருவருடையதோடு கூட்டலாமா என்பதற்கும் ஒரே பதில் இல்லை. அமெரிக்கா ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினர் சேர்ந்து அறிவிப்பதை ஏற்கிறது. ஆஸ்திரேலியாவும் சேர்ந்து பயணிக்கும் குடும்பத்துக்கு இடம் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு ஆளுக்கு ஆள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு விலையுயர்ந்த கேமராவை ஆளுக்குப் பாதி என்று காட்ட முடியாது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் விலையுயர்ந்த பொருள்களை முதலில் கவனியுங்கள். திரும்பி வரும்போது இது வெளிநாட்டில் வாங்கியது இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. லேப்டாப், கேமரா, கைக்கடிகாரம், நகை போன்றவற்றின் பழைய பில்லைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் புறப்படும்போதே சுங்க மேசையில் பொருளையும் அதன் வரிசை எண்ணையும் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளும் வசதி உண்டு. நகை நிறைய அணிந்து போகிறவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும் என்பேன். பாதுகாப்புச் சோதனைக்குள் போய்விட்டால் திரும்பி வந்து வாங்குவது கஷ்டம், அதனால் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போங்கள்.

தொழிலுக்கான கருவிகள் கொண்டுபோகிற இசைக்கலைஞர்கள், படப்பிடிப்புக் குழுவினர், கண்காட்சிக்குப் போகிறவர்கள் ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணத்தைப் பற்றி விசாரியுங்கள். தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் பொருளுக்கு வரி கட்டாமல் எல்லை தாண்ட உதவும் பாஸ்போர்ட் மாதிரி அது. அதிகபட்சம் ஓராண்டு செல்லும். பெரும்பாலும் வணிகச் சங்கங்கள் வழங்குகின்றன.

அப்புறம் மருந்து. இதில் அலட்சியம் வேண்டாம். ஒரு நாட்டில் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரை இன்னொரு நாட்டில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரலாம். சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மூக்கடைப்பு மருந்துகளுக்கு ஜப்பானில் தடை உண்டு. ஆம்ஃபெடமின் கலந்த மருந்துகளை டாக்டர் சீட்டு இருந்தாலும் அங்கே கொண்டுபோக முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் கோடீன், டிராமடால் கலந்தவற்றைக் கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டும். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, மனநல மருந்து எதுவானாலும் அதன் மூலப்பொருள் பெயரை வைத்துத் தேடிப் பாருங்கள். கடைப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அட்டையைப் பிரித்துச் சின்ன டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். வாங்கியபடியே அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் கொடுக்கும் பார்சலை வாங்காதீர்கள். தெரிந்தவரே ஆனாலும், உள்ளே இருப்பதை உங்கள் கண்முன் பிரித்துப் பார்த்து நீங்களே கட்டாத எதையும் எடுத்துப் போகாதீர்கள். பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டும். மறுப்பது சங்கடமாக இருக்கும். இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

உணவு, செடி, விலங்குப் பொருள்

வரி கட்டினால் தீர்ந்துவிடும் என்ற விதி இதற்குப் பொருந்தாது. இங்கே நாடுகள் பயப்படுவது பூச்சிக்கும் நோய்க்கும். வெளியிலிருந்து வரும் ஒரு பழ ஈ ஒரு நாட்டின் தோட்டங்களை அழிக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளி நாடுகளிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர, ஒரு சில அண்டை நாடுகள் தவிர, தடை. ரொட்டிக்குள் வைத்த இறைச்சியும் இதில் சேர்த்திதான். செடி, பழம், காய்களுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. நியூசிலாந்தில் அபாயப் பொருளை அறிவிக்காமல் கொண்டுவந்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் போடலாம். விமானத்தில் கொடுத்த பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவதும் இந்தக் கணக்கில் வரும்.

நியூசிலாந்து மாதிரி கண்டிப்பான நாடுகளில் நல்ல ஏற்பாடு ஒன்றும் உண்டு. அறிவித்துவிட்டால் அபராதம் இல்லை. அதிகாரி பார்ப்பார், அனுமதிக்கத் தக்கது என்றால் திருப்பித் தருவார், இல்லையென்றால் எடுத்துக்கொள்வார். சோதனைக்கு முன்னாலேயே தேவையில்லாததைப் போட்டுவிடத் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் படிவத்தில் 'ஆம்' என்று குறிப்பதே நல்லது.

நினைவுப் பொருள் வாங்கும்போது அது எதில் செய்தது என்று கேளுங்கள். தந்தம், ஆமை ஓடு, சில வகைப் பவளம், முதலைத் தோல் போன்றவை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பது எல்லை தாண்டுவதற்கான அனுமதி ஆகாது.

பணம்

ரொக்கம் கொண்டுபோக உச்சவரம்பு இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். சில நாடுகள் தம் சொந்த நாணயத்தை வெளியே எடுத்துப்போக வரம்பு வைத்திருப்பது உண்மை. ஆனால் பல இடங்களில் இருப்பது அறிவிக்கும் கடமை மட்டும்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல். அங்கே குடும்பமாக வந்தால் எல்லாருடைய பணத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்வது உதவாது, மாறாகச் சந்தேகத்தைக் கிளப்பும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்கக் காசும் தங்கக் கட்டியும்கூட ரொக்கத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். அறிவித்தால் வரி எதுவும் இல்லை. அறிவிக்காமல் பிடிபட்டால் பணத்தையே நிறுத்தி வைக்கலாம்.

வாங்கும்போதும் வழியிலும்

எல்லா பில்லையும் ஓர் உறையில் போட்டு கைப்பையில் வையுங்கள். பெட்டிக்குள் வைத்தால் தேடும்போது கிடைக்காது. பரிசாகக் கிடைத்ததும் மதிப்புக்குள் வரும். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒருமுறை உடுத்திக்கொண்டால் புதுப் பொருள் பழையதாகிவிடாது, அதிகாரிகளுக்கு இது பழகிப்போன தந்திரம்.

விமானம் மாறிப் போகிறவர்கள் டூட்டி ஃப்ரீ பாட்டில் வாங்கினால் கடைக்காரர் போட்டுத் தரும் முத்திரைப் பையைப் பிரிக்கவே கூடாது. பில்லும் அதற்குள்ளேயே வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். பிரித்துவிட்டால் அடுத்த பாதுகாப்புச் சோதனையில், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி வந்து நிற்கும், பாட்டில் அங்கேயே தங்கிவிடும். அமெரிக்காவுக்குள் வருகிறவர்கள் பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து, மறுபடி போட வேண்டும். அந்த இடைவெளியில் பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துவிடுவது புத்திசாலித்தனம். 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதைப் பெட்டியிலும் கைப்பையிலும் வைக்கக் கூடாது.

வாங்கிய நாட்டில் விற்பனை வரியைத் திரும்பப் பெற நினைத்தால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் சுங்க மேசைக்குப் போங்கள். பொருளைக் காட்டச் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கிய மாதத்தை அடுத்த மூன்றாவது மாத முடிவுக்குள் பொருள் வெளியேற வேண்டும். பிரிட்டனில், வட அயர்லாந்து நீங்கலாக, கடையில் வாங்கிக் கையோடு எடுத்துப் போகிறவர்களுக்கு 2021 முதல் இந்தச் சலுகை இல்லை.

வந்து இறங்கியதும்

படிவம் கேட்கும் நாடு என்றால் முழுதாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஜப்பானின் விசிட் ஜப்பான் வெப் மாதிரி சில நாடுகளில் கிளம்பும் முன்பே இணையத்தில் நிரப்பிவிடலாம். பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறிக்காதீர்கள். அதில் உள்ள கையெழுத்து உங்களுடையது.

பெட்டி எடுத்த பிறகு பல நிலையங்களில் இரண்டு வழி தெரியும். பச்சை, அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கு. சிவப்பு, அறிவிக்க இருப்பவர்களுக்கு. பச்சை வழியில் காலை வைத்ததுமே 'என்னிடம் எதுவும் இல்லை' என்று சட்டப்படி சொல்லிவிட்டதாக அர்த்தம். உள்ளே நிறுத்தப்பட்ட பிறகு 'இதைச் சொல்லத்தான் வந்தேன்' என்றால் பெரும்பாலும் எடுபடாது.

சிவப்பு வழியைக் கண்டு பயப்படாதீர்கள். அங்கே போகிறவர் தானாக வந்து சொல்கிறவர். என்ன கொண்டுவந்தீர்கள், எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று கேட்பார்கள். பில்லைக் காட்டுங்கள். பில் இல்லையென்றால் அதிகாரியே ஒரு மதிப்பு போடுவார், அது நீங்கள் கொடுத்த விலையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். வரம்புக்குள்தான் என்றால் அனுப்பிவிடுவார்கள். வரி உண்டு என்றால் தொகையைச் சொல்வார்கள், பல இடங்களில் கார்டிலேயே கட்டலாம். கணக்கு புரியவில்லை என்றால் எந்த விகிதம், எந்த மதிப்பு என்று மரியாதையாகக் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

அந்த ரசீதைப் பொருளின் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை அதே கேமராவையோ லேப்டாப்பையோ எடுத்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பும்போது, இதற்கு ஏற்கெனவே வரி கட்டியாயிற்று என்று காட்ட அதுதான் ஆதாரம்.